கால் பங்கு மகள்

மழை விட்ட வாரத்தில் நில அளவையாளர் வீட்டுப் பின்னறையின் ஓரங்கள் மங்கிப்போயின. நடுவில் நின்றவர் முழுசாக அறைக்குள் இருந்தார். சுவரை நெருங்க நெருங்க முக்கால், அரை, கால் என்று குறைந்தார். வெள்ளையடிக்க வந்தவர், "சுவர் எதுவரைக்கும்னு காட்டுங்க, அடிச்சுத் தர்றேன்" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தெருவில் பல வீடுகளுக்கு அதே கதிதான்.

அளவையாளரின் ஒரே மகள், வாலு என்று கூப்பிடுவார்கள், அந்த ஓரமே கதி என்று கிடந்தாள். "இங்க ஜில்லுனு இருக்கும்மா!" என்ற குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது. அம்மா அவளை நடுவுக்கு இழுத்துவந்து நிறுத்தினாள். அங்கேயும் கால் பங்குதான் இருந்தாள். ஓரம் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்குள் அளவை அலுவலகம் ஒரு விதி போட்டிருந்தது. பாதிக்கு மேல் இருப்பதெல்லாம் முழுசு, பாதிக்குக் கீழே இருப்பதெல்லாம் இல்லை. அளந்து 'இல்லை' என்று சொன்ன மாத்திரத்தில் அது இல்லாமலே போனது. எதிர்வீட்டு மாடிப்படி அப்படித்தான் போயிற்று. விதியைச் சொன்னவரே நம் அளவையாளர்தான். வாழ்நாளெல்லாம் பின்னத்தைத் தள்ளிப் பழகிய கை!

"என்னங்க, நம்ம பொண்ணு கால்தானே தேறுவா?" என்று மனைவி கேட்டாள். அவர் அளவு நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

அளக்கும் நாளில் அவர் நாடாவோடு வந்தார். மகளை நெருங்கியதும் அம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஒட்டியிருக்கிற உருவத்தைப் பிரிச்சு அளப்பீங்களா? அளந்துதான் பாருங்களேன்!"

ஒட்டிய உருவங்களில் எது அதிகமோ அதுவே மொத்தத்துக்கும் அளவு. அதுவும் அலுவலக வழக்கம்தான். "முழுசு," என்றார் அவர். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

வருஷா வருஷம் அளக்க வந்தார்கள், அதனால் பிடித்த கையை அம்மா விடவேயில்லை. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. குளிக்கும்போது கதவிடுக்கில் ஒரு கை நீண்டிருக்கும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, "மாமியாரும் கூடவே வர்றாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். சரியென்று கட்டிக்கொண்டார்.

மகள் எப்போது முழுசானாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அம்மாதான் வயசாக வயசாக ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் புது அளவையாளர் வந்தபோது அவள் கால் பங்குக்கும் கீழே இருந்தாள்.

"விடுடி, உனக்குக் கை மரத்துப்போயிரும்."

"போனாப் போகட்டும்மா. பேசாம இரு."

அவர் நாடாவை நீட்டிப் பார்த்தார். "முழுசு," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.