நீல மருந்தும் நகரும் வேலியும்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையில் தொடங்கியது. ரப்பர் தோட்டத்தில் செம்மறி வளர்ப்பது பற்றி எளிய நடையில் எழுதித் தரும்படி வேளாண் அலுவலகத்தில் கேட்டார்கள். ஆடு களையைத் தின்னும், புழுக்கை மரத்துக்கு உரமாகும், ஒரே நிலத்தில் இரண்டு வருமானம் என்று எழுதிக்கொண்டு போனேன். நடுவில் ஓர் அக்காவும் தம்பியும் தாமாகவே வந்து சண்டை போட ஆரம்பித்தார்கள். அதிகாரி அந்தப் பகுதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். “மனுஷங்க வேணாம் சார், ஆட்டுப் படம் போதும்” என்றார். அடிபட்டவர்களை நான் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

2

அதிகாலைப் பனியில் நனைந்த புல்லை ஆடுகள் ஆசையோடு

[இல்லை. பனி காயாமல் தம்பி பட்டியைத் திறக்கமாட்டான். ஈரப்புல்லோடு குடற்புழுவும் உள்ளே போகும். என் வர்ணனைக்காக ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்க முடியாது.]

மறுபடியும்: மரமும் நிலமும் அக்காவுடையவை, ஆடுகள் தம்பியுடையவை. நகரத்தில் வைத்த கடை படுத்துப்போய்த் திரும்பியவனை, “புல்லு சும்மாதானே கெடக்கு, ஆடு வாங்கி விடுடா” என்று அவள்தான் கூப்பிட்டாள். சில வரிசை மரங்களைச் சுற்றி அவன் வலைவேலி ஊன்றுவான். புல் தீர்ந்ததும் அடுத்த வரிசைகளுக்கு நகர்த்துவான். களையெடுக்கும் செலவு அவளுக்கு மிச்சம். கிடாவுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். எந்த வேலையும் செய்யாது, மரியாதை மட்டும் எதிர்பார்க்கும்.

3

தம்பியைச் சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன். கடை படுத்ததற்குக் காரணம் வேண்டுமே. ஆனால் எழுதும்போதெல்லாம் அவன் குட்டி போட்ட ஆட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். சரி, நல்ல உழைப்பாளிக்கும் கடை படுக்கும் என்று விட்டுவிட்டேன்.

4

மழைக்கு முன் மரங்களுக்கு நீல மருந்து அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மழையில் பூஞ்சை பிடித்து இலை கொட்டி, ரப்பர்ப் பால் குறைந்துவிடும். அடித்தால் அது கீழே புல்லிலும் சொட்டும்.*

“மேகத்தப் பாத்தியா? நாளைக்கே கொட்டும்போல. இன்னைக்கே அடிச்சாகணும்” என்றாள் அக்கா.

“ஐயோ, ஆட்டுக்குப் புல்லே இன்னும் அறுத்து வைக்கலியே! அடுத்த வாரம்னுதானே சொன்ன?”

“மழை என்னக் கேட்டா வருது?”

தோட்டத்துக்கு வெளியே தார்ச்சாலை. அதற்கப்பால் பிறர் வேலி. ஆட்டை ஓட்டிப்போக வேறு இடமில்லை. தம்பி தலையைச் சொறிந்தான்.

“நீ மருந்த அடிச்சுடுக்கா. நான் ஆடுங்கள வித்துடறேன்.”

“வித்துட்டு? மறுபடி போய்க் கடை வைக்கப்போறியா?”

* மருந்தில் மயில்துத்தம் இருக்கிறது, அதில் செம்பு. செம்மறிக்கு அது ஆகாது. ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் ஆடு விழுந்துவிடும். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும், ஆனால் மரப்பட்டையை உரித்துத் தின்றுவிடும். அதனால் கதையில் வெள்ளாட்டுக்கு இடமில்லை.

5

முடிவு ஒன்று: ஆடுகள் சாகின்றன. (செத்த ஆட்டைக் காட்டி அழவைப்பது எனக்குக் கைவந்த கலை. அதனாலேயே வேண்டாம்.)

இன்னொன்று: மழை தள்ளிப்போகிறது. (வானத்தின் காலில் விழும் எழுத்தாளனை நான் மதிப்பதில்லை.)

மூன்றாவதாக, ஆட்டுச் சந்தைக்குப் போகும் வண்டியில் தம்பி ஏறி

[அக்கா ஏற விடவில்லை.]

6

“கொஞ்சம் மரத்துக்கு மருந்தடிக்காம விடறேன். அங்க ஆட்ட அடைச்சுக்கோ. எதெதுன்னு நீயே சொல்லு” என்றாள்.

தம்பி போய் வேலியை ஊன்றினான். ஓரத்தில் பால் வற்றிய கிழட்டு மரங்களை மட்டும் சுற்றி. “இது போதும்க்கா.”

“இந்தப் புல்லு உன் மாப்பிள்ளைக்கே காணாது” என்றவள், வேலிக்கம்பைப் பிடுங்கி, நன்றாகப் பால் தரும் வரிசையைத் தாண்டி ஊன்றினாள்.

அவன் அதைப் பிடுங்கிப் பழைய இடத்துக்கே கொண்டுபோனான். “நல்ல மரம்க்கா, இலை கொட்டிடும்.”

“கொட்டினா என் மரம் கொட்டட்டும். நீ யாருடா கேக்க?”

இவ்வளவு நேரம் இவர்கள் தத்தம் பங்குக்காகச் சண்டை போடுவதாக நினைத்திருந்தேன்.

7

மருந்து கலந்தாயிற்று. மேகம் கறுத்துவிட்டது. கம்பின் ஒரு முனை அக்கா கையில், மறுமுனை தம்பி கையில். இருவரும் விடுவதாக இல்லை.

எங்கே ஊன்ற வேண்டும் என்று எனக்குத் திடமான கருத்து உண்டு. சொல்லமாட்டேன். நான் சொன்னால் இருவரும் சேர்ந்து என்மேல் பாய்வார்கள். உங்களை அவர்களுக்குத் தெரியாது. வாருங்கள், கம்பை வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம், குட்டிகள் கத்துகின்றன.