கொக்கு உட்கார்ந்த நாற்காலி

அந்த மூன்று மாடி ஃபர்னிச்சர் ஷோரூமில், விற்பனைக்கு வைத்த எதிலும் ஊழியர்கள் உட்காரக் கூடாது. வாய்வார்த்தையாகச் சொன்ன சட்டமில்லை. எழுதி, கண்ணாடி போட்டு, இருப்பதிலேயே மெத்தென்ற சோஃபாவுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். அதன் கீழே நின்று இருபத்தாறு வருஷமாக சோஃபா விற்றவருக்கு, வலது கால் வலித்தால் இடது காலிலும், இடது கால் வலித்தால் வலது காலிலும் நிற்கிற பழக்கம் வந்துவிட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து, கொக்கு சார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு போய் எங்கே உட்காருவது?

"உட்கார்ந்து பாருங்க சார், எழுந்திருக்க மனசே வராது" என்று தினமும் நாற்பது பேரிடமாவது சொல்வார். எந்த நாற்காலி சுகம், எது முதுகைப் பதம் பார்க்கும் என்பதெல்லாம் உட்கார்ந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ருசி பார்க்காமல் சமையலுக்கு மார்க் போடுகிற பிழைப்பு.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் தங்கை விமான டிக்கெட் அனுப்பினாள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். இப்போது வயது நாற்பத்தேழு, அவருக்கு இன்னும் பாப்பா. அங்கே ஒரு விமானக் கம்பெனியில், விமானத்துக்குள்ளே சுத்தம் செய்கிற பிரிவில் சேர்ந்து, பத்துப் பேரை மேய்க்கிற மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். இருபது வருஷம் முடித்ததற்கு, குடும்பத்தில் யாராவது ஒருவர் முன்வரிசை வகுப்பில் வந்துபோக ஒரு டிக்கெட் கொடுத்தது கம்பெனி.

"மச்சான், அதை முதல்ல கேட்டது நான்" என்றார் ஃபோனில் தங்கையின் கணவர். "'உங்களை மூட்டை மேல போட்டாலும் தூங்குவீங்க, உங்களுக்கு எதுக்கு அந்த சீட்டு'ன்னுட்டா உங்க தங்கச்சி."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை."

பாப்பாவுக்கு வேறு கணக்கு இருந்தது. அவள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டே அண்ணன் எரிச்சலாக ஒரு வார்த்தை விட்டிருந்தார்: "அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கு அந்த ஊர்ல?" இருப்பது ஒரே தங்கை, அவளும் போகிறாளே என்ற வயிற்றெரிச்சல். மறுநாளே அவர் அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை. "வந்து பாரு அண்ணா. பார்த்துட்டு உன் வாயால சொல்லு" என்றாள். பரீட்சை தனக்கில்லை, அவளுக்கு என்று கொக்கு சாருக்குப் புரிந்தது. எதைக் காட்டினாலும் மனசாரப் பாராட்டிவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

ஏறியதும் அந்த சீட்டைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். கைப்பிடியைத் தட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். விலை கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

"உட்காருங்க சார், கிளம்பப் போறோம்" என்றாள் பணிப்பெண்.

சீருடை போட்ட ஒருவர் தன்னை உட்காரச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. இரண்டு பக்கமும் ஒரு திருட்டுப் பார்வை பார்த்துவிட்டு, பாதி உட்கார்ந்தார். யாரும் அதட்டவில்லை. மீதியும் உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை அவர் ஆயுசுக்கும் சொல்வார். ஒரு பொத்தானை அழுத்தினால் கால் மெல்ல மேலே போனது. இன்னொன்றை அழுத்தினால் முதுகு மெல்லக் கீழே போனது. இரண்டையும் சேர்த்து அழுத்தி, நாற்காலியைக் கட்டிலாக்கி, கட்டிலை நாற்காலியாக்கி, பக்கத்து வரிசைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்க்கும்வரை ஆடினார். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருந்த இடுக்கில், தொழில் புத்தியில், விரலை விட்டுத் துழாவினார். சுத்தமாக இருந்தது. சூடாக ஒரு துண்டு கொடுத்தார்கள். முகத்தைத் துடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் எதிரே இருந்த பலகையையும் ஒரு துடை துடைத்துவைத்தார்.

பதினோரு மணி நேரம். கண் சொக்கியபோதெல்லாம் கிள்ளிக்கொண்டார். தூங்கிவிட்டால் அப்புறம் யார் உட்கார்ந்திருப்பது? ஊர் வந்துவிட்டது என்று அறிவித்தபோது, இந்த பைலட்டுக்கு இவ்வளவு அவசரம் ஆகாது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பாப்பா ஒரு வாரம் லீவு போட்டு, நாள்வாரியாகப் பட்டியல் எழுதி வைத்திருந்தாள். முதல் நாள் மணிக்கூண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். உச்சியில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். நின்றால்தான் தெரியும்.

"எப்படிண்ணா இருக்கு?"

"பிரமாதம் பாப்பா. எவ்வளவு உயரம். அந்த சீட்டுல தலைக்குப் பக்கத்துல குட்டியா ஒரு விளக்கு இருந்துது பாரு, புத்தகத்துல மட்டும் விழற மாதிரி..."

இரண்டாம் நாள் அருங்காட்சியகம். அங்கே ஏதோ ஒரு காலத்து ராஜாவின் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, உட்காரக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். கொக்கு சாருக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதையும் ராஜாவையும் சேர்த்துப் பாராட்டிவிட்டு, ராஜாவுக்குக் கால் நீட்ட வசதி இல்லையே, விமானத்தில் அப்படியில்லை என்று ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ஏரி. படகுக்கு ஒன்றரை மணி நேர வரிசை. அந்த ஒன்றரை மணி நேரமும் சூடான துண்டைப் பற்றிப் பேசினார்.

நான்காம் நாள் காலை, பாப்பா பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அருவி என்று எழுதியிருந்தது.

"அண்ணா, மூணு நாள் ஆச்சு. ஊர் எப்படி இருக்குன்னு நீ இன்னும் சொல்லலை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "ஊருன்னா இது ஊரு பாப்பா. காத்து என்ன, தண்ணி என்ன. இப்படி ஒண்ணு இன்னைக்குத் தேடினாலும் கிடைக்காது. பார்க்கப் பார்க்க உனக்கே பிடிச்சுப்போகும்..."

"நிறுத்து. இது காலாடற மேசையை விக்கிற குரல்."

"ஐயோ, இல்ல..."

"கல்யாணத்துக்கு முன்னால தினமும் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவ நான். எத்தனை மேசை இந்தக் குரல்ல வித்துப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை காபிக் கோப்பைக்குப் பின்னால் முடிந்தவரை மறைந்துகொண்டார்.

"நான் நல்ல இடத்துலதான் இருக்கேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்" என்றாள் பாப்பா. "நீ வந்ததுலேர்ந்து சீட்டு, சீட்டு, சீட்டு. ஊரே உன் கண்ல படலை." எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

வாடிக்கையாளர் வாசல்வரை போனாலும் திருப்பிக் கூப்பிட கொக்கு சாரிடம் எப்போதும் ஒரு வசனம் இருக்கும். இப்போது தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. உண்மைதான் மிச்சம்.

"படலை பாப்பா" என்றார் அவள் முதுகைப் பார்த்து. "மணிக்கூண்டுல கால் வலிதான் தெரிஞ்சுது. ஏரிலயும் அப்படித்தான். நான் என்ன செய்ய? அந்த சீட்டுல உட்கார்ந்தப்போ எனக்குக் காலு ரெண்டு இருக்கறதே மறந்துபோச்சு. இடுக்குல விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு துணுக்கு இல்ல. எங்க கடையில புது சோஃபாலயே பிஸ்கட் தூள் இருக்கும். எவனோ கையில சுத்தம் உள்ளவன் வேலை பார்த்திருக்கான்னு நெனச்சேன். நெனச்சதைத்தான் பேசிட்டு இருந்தேன்."

குழாய் நின்றது.

"எவனோ இல்ல" என்றாள் அவள், திரும்பாமல். "மூணாவது வரிசை, வலது பக்க ஜன்னல்."

"ஆமா. உனக்கு எப்படி..."

"டிக்கெட் போட்டதே நான்தானே. அந்த விமானம் முந்தின நாள் இங்கதான் நின்னுது. அங்க மேலோட்டமாத்தான் பெருக்குவாங்க, இடுக்கெல்லாம் எங்க வேலை. இப்பல்லாம் நான் கை வைக்கறதில்ல, பார்த்துக்கறதோட சரி. ஆனா அந்த சீட்டை ஆளுங்ககிட்ட விடலை. பல் விளக்கற பிரஷ்ஷை எடுத்துட்டுப் போய் நானே உட்கார்ந்து..." சற்று நிறுத்தினாள். "குத்துக்கால் போட்டுத் தரையில உட்கார்ந்து."

"இதை ஏன் பாப்பா சொல்லலை?"

"வேலைதானே. அதைப் போய்ச் சொல்வாங்களா?"

கொக்கு சார் மேசைத்துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். "அப்ப மூணு நாளா நான் உன்னைப் பத்தித்தான் பேசியிருக்கேன்" என்றார்.

பாப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள். முகத்தைக் கோபமாகவே வைத்துக்கொள்ளப் பார்த்தாள். வாய் ஓரம் ஒத்துழைக்கவில்லை.

"முழுசா சாய்ச்சுப் படுத்தா எப்படி இருக்கும் அது?"

"நீ படுத்ததில்ல?"

"உட்கார்ந்ததே இல்ல. யூனிஃபார்மோட உட்கார்ந்தா சீட்டைக் கிழிச்சுடுவாங்க. என் சீட்டை."

அண்ணன் எழுந்தார். சாப்பாட்டு நாற்காலிகள் மூன்றை வரிசையாக இழுத்துப் போட்டார். சோஃபாவிலிருந்து இரண்டு திண்டு, உள்ளேயிருந்து ஒரு தலையணை. உயரத்தைப் பார்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஒரு திண்டை மடித்து முழங்காலுக்குக் கீழே கொடுத்தார். "உட்காருங்க மேடம், கிளம்பப் போறோம்."

"என்னண்ணா இது, விளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறிப் படுத்தாள்.

"அப்ப அருவி?" என்றார் மாப்பிள்ளை.

"அது எங்கயும் ஓடிடாது, நீங்க ஒரு துண்டை வெந்நீர்ல நனைச்சுக் கொண்டு வாங்க" என்றார் மச்சான்.

முதல் பொத்தானிலிருந்து ஆரம்பித்தார். எதையும் விடவில்லை. தான் உட்கார்ந்து பார்த்த ஒன்றைப் பற்றி வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசுகிறவரின் நிதானம் அதில் இருந்தது. மாப்பிள்ளை கொண்டுவந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, பாப்பா அவ்வப்போது "உம்" கொட்டினாள். பேச்சு விமானத்தில் கொடுத்த இரண்டாவது சாப்பாட்டை நெருங்கும்போது, துண்டுக்குள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது.

"நான் இங்க நல்லாத்தானே இருக்கேன் அண்ணா?"

"நல்லா இருக்கே பாப்பா" என்றார் அவர். "காலை இன்னும் கொஞ்சம் நீட்டு."