நடுவில் பெட்டி வைத்த டன்பார்

கார்வின் ஷ்ராக் புது பிக்கப் வாங்கிவிட்டான் என்ற சேதி, அந்த வண்டி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நுழைந்துவிட்டது. கான்சாஸின் மேற்குக் கோடியில் கோதுமை, மாடு, காற்று இவை தவிர வேறு பேச்சில்லாத ஊர் அது. அங்கே ஒருத்தன் வண்டி மாற்றுவது என்றால் சும்மாவா? டூவெயினைக் கேளுங்கள். தன் கல்யாண நாள் எதுவென்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். ஆனால் இதுவரை ஓட்டிய டன்பார் பிக்கப் ஒவ்வொன்றும் எந்த வருஷத்து மாடல், எந்தப் பள்ளத்தில் எந்த பம்பர் போனது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்.

வண்டி விஷயத்தில் ஊரில் இரண்டே கட்சி. ஒன்று டன்பார், இன்னொன்று கெஸ்லர். அப்பன் எந்தக் கட்சியோ பிள்ளையும் அதே கட்சி. மூன்றாவதாக ஒரு கம்பெனி வண்டியும் உண்டு. அதை ஓட்டுகிற ஒரே ஆள் பாதிரியார். பாவம், வெளியூர்க்காரர் என்று யாரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை.

டன்பார் கம்பெனி தன் பெரிய பிக்கப்பை அந்த வருஷம் தலைமுதல் கால்வரை மாற்றியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு முதலில் வந்தது கார்வினுடையதுதான். தானியக் கூட்டுறவுச் சங்க வாசலில் அவன் அதை நிறுத்தியதும், உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கோப்பையும் கையுமாக வெளியே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அடேயப்பா! இந்த மூக்கு உசரத்துக்கு, முன்னாடி நின்னா என் தொப்பிகூட உனக்குத் தெரியாது போலிருக்கே," என்றான் எல்டன். அவன் பரம்பரைக் கெஸ்லர்காரன். "கன்னுக்குட்டி குறுக்க வந்தா என்னடா பண்ணுவே?"

"கேமரா இருக்கு," என்றான் கார்வின்.

"அப்ப மூஞ்சில ரெண்டு கண்ணு எதுக்கு இருக்கு?"

"நீ வாயை மூடு," என்று டூவெயின் பாய்ந்தான். "உன் கெஸ்லர் மழை மேகத்தைப் பாத்தாலே துருப்பிடிச்சுக்கும். பேச வந்துட்டான்."

"துருப்பிடிச்சாலும் ஓடுதுல்ல? உன் டன்பார்ல கியர்பாக்ஸை எத்தனை வாட்டி இறக்கி ஏத்தினே? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

டூவெயின் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். எல்டன் விடவில்லை. பின்பக்கத் தொட்டியின் ஓரத்தைத் தட்டினான். "இவ்ளோ உசரத்துல வச்சா, உள்ள விழுந்த ஸ்பானரை எடுக்க ஏணி தூக்கிட்டு வரணும்."

கார்வின் சாவியில் ஒரு பொத்தானை அழுத்தினான். வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு படி தானாக இறங்கி வந்து நின்றது. எல்லோரும் "ஓ!" என்றார்கள். எல்டன்கூட "ஓ" என்றுவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று காபியை உறிஞ்சினான்.

"இஞ்சின் சத்தம் கம்பீரமா இருக்குல்ல?" என்று டூவெயின் பூரித்துப்போனான்.

"அது ஸ்பீக்கர்ல வர்ற சத்தம்," என்றான் கார்வின். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

எல்டன் சிரித்த சிரிப்பில் பாதிக் காபி சட்டையில் கொட்டியது.

கார்வினைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகாதவன். உழைப்பாளி, நல்லவன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஒரு கோதுமை அறுப்பே முடிந்துவிடும். அப்படிப்பட்டவன் இந்த வண்டியை வாங்கியதே தனக்காக இல்லை. பக்கத்துப் பண்ணை லவான் டிட்மருக்காக. அதுதான் யாருக்கும் தெரியாத சேதி. லவானுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை.

லவான் கணவனை இழந்து ஏழு வருஷமாகத் தனியாக மாடு வளர்ப்பவள். கெஸ்லர் கட்சி. வாய் அதிகம், மனசு அதைவிடப் பெரிசு. வியாழன்தோறும் இருவரும் கார்வினின் பழைய டன்பாரில் மாட்டு ஏலத்துக்குப் போய்வருவது வழக்கம். அது முன்னால் ஒரே நீளப் பெஞ்சு சீட் போட்ட வண்டி. அந்த ஊரில் பெஞ்சு சீட்டுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் அண்டை வீட்டுக்காரி. நடுவில், ஓட்டுகிறவன் தோளோடு உட்கார்ந்தால், ஊர் பாதிரியாரிடம் போய்க் கல்யாணத் தேதி கேட்டுவிடும்.

இரண்டு வருஷம் ஜன்னலோரமே உட்கார்ந்து வந்த லவான், போன வாரம் வியாழக்கிழமை ஏலம் முடிந்து திரும்பும்போது, "இந்தக் கதவு இடுக்குல காத்து வருது" என்று சொல்லி நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தாள். கொளுத்துகிற ஆகஸ்டு மாசத்தில் காற்று வந்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? கார்வின் சந்தோஷத்தில் வீடு வரும்வரை நத்தை மாதிரி ஓட்டினான். பின்னால் வந்த நெல்லு லாரிக்காரன்... இல்லை, அங்கே ஏது நெல்லு, கோதுமை லாரிக்காரன், ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான்.

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டைப் பார்த்தான். கிழிசல். கிழிசலுக்கு மேல் ஒட்டுத்தாள். அதையும் மீறி எட்டிப் பார்க்கிற ஸ்பிரிங். ஐயோ, இதிலா அவளை உட்கார வைத்தேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உடனே கிளம்பிப் போய், இருப்பதிலேயே உசத்தியான புது டன்பாரை வாங்கிவிட்டான். தோல் சீட். வெயில் காலத்தில் முதுகுக்குக் குளிர்காற்று ஊதும் சீட். அவள் உட்கார்ந்து பார்த்து என்ன சொல்வாள் என்ற ஒரே நினைப்பில் தலைகால் புரியாமல் திரிந்தான்.

அவளும் அன்று கூட்டுறவுக்கு மாடு நக்க உப்புக்கட்டி வாங்க வந்தாள். எல்லோரும் வழிவிட்டார்கள். டன்பாரைத் திட்டுவதில் எல்டனுக்கே குரு அவள்தான். இப்போது கிழிகிழியென்று கிழிக்கப்போகிறாள் என்று டூவெயின் தயாராக மார்பில் கையைக் கட்டிக்கொண்டான்.

லவான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல வண்டி, கார்வின்," என்றாள். "உனக்குச் சரியா இருக்கும்."

உப்பை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எல்டனுக்கே பயமாகிவிட்டது.

அந்த வியாழன் கார்வின் அவள் வாசலில் போய் ஹாரன் அடித்தபோது அவளுடைய கெஸ்லர் அங்கே இல்லை. ஏலத்துக்குப் போய்ப் பார்த்தால் அவள் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வணக்கம் சொன்னாள், மாட்டு விலை பேசினாள், தன் வண்டியில் ஏறித் திரும்பிவிட்டாள். கார்வின் திரும்பும் வழியெல்லாம் காலியான தோல் சீட்டுக்குக் குளிர்காற்று ஊதிக்கொண்டே வந்தது. என்ன தப்பு செய்தோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டான். சோறு இறங்கவில்லை என்று சொல்வோமே, அவனுக்கு மாட்டுக்கறி ஸ்டேக் இறங்கவில்லை.

மறுநாள் காலை காபிக் கூட்டத்தில் அதே விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. எல்டன் கார்வினின் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"டெலிவிஷன் மாதிரி இவ்ளோ பெரிய ஸ்கிரீன். சரி, போகட்டும். நடுவுல இது என்னடா, சவப்பெட்டி சைஸுல?" என்று இரண்டு சீட்டுக்கும் இடையில் இருந்த பெரிய பெட்டியைத் திறந்து மூடினான்.

"சாமான் வைக்கடா," என்றான் டூவெயின். "லேப்டாப் வைக்கலாம். கோழி பொரிச்சது முழு வாளியே வைக்கலாம்."

"பொஞ்சாதியை எங்க வைக்கிறது? எங்க அப்பா கெஸ்லர்ல இந்தச் சனியன் பெட்டி இருந்திருந்தா ஐரீன் எனக்குக் கிடைச்சிருப்பாளா? அவ நகந்து நடுவுல வந்து உக்காந்தப்புறம்தானே எனக்கே விஷயம் புரிஞ்சுது! இந்த வண்டியில பொண்ணு எப்படி நகருவா? தாண்டிக் குதிச்சா வருவா? நல்லா வந்து பக்கத்துல உக்காந்த பொண்ணுகிட்ட, அம்மா தாயே, அந்தாண்ட போய் உக்காருன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். கார்வின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. கோப்பையை அப்படியே வண்டி மூக்கின் மேல் வைத்தான்.

"அவ நடுவுல வந்து உக்காந்தாளே," என்றான்.

"யாரு?"

"லவான். போன வாரம். அதுக்கப்புறம்தான் நான் போய் இதை வாங்கினேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. டூவெயின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"அட மடப்பயலே!" என்றான் எல்டன், வண்டியிலிருந்து குதித்து. "அவ வந்து பக்கத்துல உக்காந்தா, நீ அடுத்த வாரமே நடுவுல சுவரு எழுப்பிட்டியா?"

"அவ வசதியா உக்காரணும்னு தான்டா வாங்கினேன்!"

"அதை அவகிட்ட சொன்னியா?"

கார்வின் சொல்லவில்லை. அவன் என்றைக்கு எதைச் சொன்னான்?

"இன்னும் இங்க என்னத்துக்கு நிக்கிறே? போடா!" என்று டூவெயின் கத்தினான். கார்வின் கிளப்பிய வேகத்தில் காபிக் கோப்பை பறந்தது.

கார்வின் நேரே போய் நின்ற வண்டிக் கடையில், விற்பனைக்காரப் பயல் விழுந்து விழுந்து சிரித்தான். புது டன்பாரில் பெஞ்சு சீட் வேண்டுமென்றால் ஒரே ஒரு மாடல்தான் உண்டாம், மின்கம்பம் நடுகிறவர்களும் வேலி போடுகிறவர்களும் வாங்குகிற மொட்டை வண்டி. வெள்ளை நிறம். துணி சீட். தானிறங்கும் படி கிடையாது, குளிர்காற்று கிடையாது. "இதுக்கு அதையா சார் மாத்தப் போறீங்க?" என்று மூன்று தரம் கேட்டான். "சாவியைக் குடுப்பா," என்றான் கார்வின். வாழ்க்கையில் அவன் இவ்வளவு சீக்கிரம் பேசி முடித்த வியாபாரம் வேறில்லை.

வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றபோது லவான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து சுற்றிப் பார்த்தாள்.

"இது என்ன கண்றாவி?" என்றாள். "மருந்தடிக்கிறவன் வண்டியாட்டம் இருக்கு. சக்கரம் சூம்பிப்போயிருக்கு. கண்ணாடி கையளவுகூட இல்லை. மூக்கு மட்டும் மாட்டுக்கொட்டகை உசரம். டன்பார்க்காரனுக்கு அறிவே வராதா?"

அவள் திட்டத் திட்டக் கார்வினுக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்து காட்டினான். அந்தப் பக்கத்துக் கதவிலிருந்து இந்தப் பக்கத்துக் கதவு வரை ஒரே சீட், தடுப்பில்லாமல் நீண்டு கிடந்தது.

லவான் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கண் ஓரம் சிவந்தது.

"நீ சௌகரியமா உக்காரணும்னு அதை வாங்கினேன்," என்றான். காது வரை சூடேறிவிட்டது. "பெட்டியை நான் கவனிக்கவே இல்லை. சத்தியமா."

"இத்தனை நாள் எனக்குத் தூக்கமே இல்லைடா, பாவி," என்றாள் லவான். "அசிங்கப்பட்டுட்டேனேன்னு நினைச்சு நினைச்சு..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

"எதுக்கு?"

"இனிமே டன்பார்ல ஏறணும்னா நான்தான் ஓட்டுவேன். அப்பதான் கெஸ்லர்காரரான எங்க அப்பா கல்லறையில நிம்மதியாத் தூங்குவாரு. நீ அந்தப் பக்கம் போ."

கார்வின் சுற்றிப் போய் ஜன்னலோரம் ஏறினான். அவள் கதவைச் சாத்தி, கண்ணாடியைத் திருப்பி, பிரேக்கைத் திட்டிக்கொண்டே தார்ச்சாலையில் ஏற்றினாள். இருவருக்கும் நடுவில் அந்தக் காலி இடம் கிடந்தது. அவள் நேரே சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். உதவ மாட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. போன முறை அவள் நகர்ந்தாள். இது அவனுடைய முறை.

தானியக் கூட்டுறவு வந்தது. வாசலில் எல்டன், டூவெயின், மொத்தக் கூட்டமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பாதிரியார்கூட இருந்தார்.

கார்வின் தொப்பியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தான். ஆறடி நாலங்குல உடம்பைத் தூக்கி, முழங்காலை மடக்கி, டமாலென்று கூரையில் தலை இடிக்க, நகர்ந்து நகர்ந்து நடுவில் போய் உட்கார்ந்தான். தோளோடு தோள். எல்டன் கையிலிருந்த காபி இந்த முறை முழுசாகவே கொட்டியது.

"எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் லவான்.

"பாக்கட்டும். என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. ஹாரனில் கையை வைத்தவள், கூட்டுறவைத் தாண்டி ஊர் எல்லை வரும்வரை கையை எடுக்கவே இல்லை.