அப்பா மீட்டுக் கொடுத்த பத்திரம்

…அப்படியானால் இனிமேல் போகலாம், தடுக்க ஆளில்லை, என்று சாரதாமணி ஊசிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டே நினைத்தாள், நினைத்தாளே ஒழிய உள்ளே ஒன்றும் அசையவில்லை, மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது. காலையில்தான் அப்பா ஆத்தப்பன் பொங்கலூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரித் தலைவர் மேஜையில் பணத்தை வைத்தார். பனியன் கம்பெனி முதலாளிகள் சேர்ந்து நடத்துகிற பிரசவ ஆஸ்பத்திரி இது, அவளை நர்ஸ் படிக்க வைத்ததும் அவர்கள்தான், படிப்புச் செலவு முழுக்கக் கடன், ஆறு வருசம் இங்கேயே வேலை பார்த்தால் அத்தனையும் தள்ளுபடி என்று பத்திரம். பாதிதான் தாண்டியிருக்கிறது… “அவசரப்படாதீங்க, இருந்தாத் தானாத் தீர்ந்துருமுங்க” என்று தலைவர் கெஞ்சாத குறை, அவர் கவலை அவருக்கு, வருகிற நர்ஸெல்லாம் கோயமுத்தூருக்கு ஓடிவிடுகிறாளே. அப்பா கேட்டால்தானே! “எம்புள்ளையத் தள்ளுபடி பண்ண நீங்க யாருங்க? வாங்குனதக் குடுக்கத் தெரியாத குடும்பமுங்களா நாங்க?” மீட்ட பத்திரத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். விளைகிற நிலம், கிணற்றங்காட்டை விற்றுவிட்டாராம், வாசலுக்கு வந்துதான் அதைச் சொன்னார், “இனி நீ யாருக்கும் கட்டுப்பட்டவ இல்ல கண்ணு, பெட்டியக் கட்டு, சாயங்காலம் ஊட்டுக்குப் போயரலாம், வைகாசில கண்ணாலம்” என்றார், அவருக்குக் கண் கலங்கியது, இவளுக்கு ஒரு சொட்டு வரவேண்டுமே.

யாரை நோவது, நீதானேடி சொன்னாய் என்று தன்னையே குத்திக்கொண்டாள்… உடுமலைப்பேட்டை மாமன் மகன் வேலுமணிக்கு முறைப்பெண் நீ, ஒவ்வொரு தைக்கும் அந்தப் பேச்சு எழும், உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “பத்திரம் இருக்குதுங்களேப்பா” என்பாய், எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், எவ்வளவு வசதியாக இருந்தது! வேலுமணி கெட்டவனா, இல்லையே, அவர்கள் தோப்பு வீட்டுக்கு வருகிற மருமகள் வேலைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். பாவம் அப்பா, மகள் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள் என்றல்லவா நம்பிவிட்டார், சோறு போட்ட காடு, போச்சு. அழ வேண்டும்தானே இப்போது? ஊசியை இடுக்கியால் எடுத்து வரிசையாக வைக்கிறாளே, என்ன ஜென்மம் இது…

“ஏனுங் சிஸ்டர், ராத்திரி வலி கண்டாலும் நீங்கதானுங்களே இருப்பீங்க?” வார்டிலிருந்து ரங்காத்தாள், தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி, பனியன் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டுகிறவள். “இருப்பேனுங்க” என்று வாய் சொல்லிவிட்டது. யாரைக் கேட்டுச் சொன்னாய்? வேப்பமரத்தடியில் அப்பா உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் போய் என்ன சொல்வாய், பத்திரத்தைத்தான் கிழித்துப் போட்டாயிற்றே. எனக்கு இங்கே இருக்கத்தான் பிடிச்சிருக்குதுங்கப்பா… இவ்வளவுதானே, ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், ஆனால் பிறந்த வீட்டில் ஒரு பெண் பிடிச்சிருக்கு என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை, கட்டாயம் என்றால் பொறுத்துக்கொள்வார்கள், பிடிச்சிருக்கு என்றால்? சொன்னதும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்பார், இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் காடாவது மிஞ்சியிருக்குமே கண்ணு, என்று.