போக வர ஒரு டிக்கெட்

விமான நிலைய அலுவலகத்தில் அவரை ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாதகமெல்லாம் பார்க்கத் தெரியாது. அடுத்த மூன்று வருஷத்தில் இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த ஊருக்குப் பறப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. இரண்டாவது மாடியில், ஏ.சி. சொட்டும் மூலையில், கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அவர் மேஜை. பக்கத்து மேஜைக்காரர் காலையில் வந்ததும் உள்ளங்கையை நீட்டுவார். "ஜோசியரே, இந்த வருஷமாவது பிரமோஷன் உண்டா?" இவர் ரேகையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "கையில இருக்கு, மேனேஜர் மனசுல இல்ல" என்பார்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் யாரானாலும் அவருடைய ஒரு பேச்சைக் கேட்காமல் தப்ப முடியாது. "பறக்கணும்னு ஆசைப்பட்டுப் பறக்கறவன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அவனை நம்பி எந்த கம்பெனியும் விமானம் விடாது. மத்த நாள்ல யாரு வர்றா? வேலையா வர்றவன். ஊர்ல ஒரு பெரிய ஆபீஸ் இருந்தா அதைச் சுத்தி வக்கீலு, ஆடிட்டரு, மெஷின் விக்கறவன், மெஷின் ரிப்பேர் பண்றவன் எல்லாரும் இருப்பான். இத்தனை பேரும் போக வர இருந்தாத்தான் தினம் ஒரு விமானம் நிக்கும். ஆபீஸ் போனா விமானமும் போயிடும்."

நல்ல பேச்சுதான். பதினெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய பேச்சு. ஆனால் அடுத்தவன் வீட்டைப் பற்றிப் பேசும்போது நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரள்கிறது என்பது அவருக்குத் தன் முறை வந்தபோதுதான் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரின் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி தன் தலைமை அலுவலகத்தை மூட்டை கட்டிக்கொண்டு தலைநகரத்துக்குப் போனது. மூவாயிரம் பேர் வேலை பார்த்த இடம். இழப்பீட்டுப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள் ஜோசியரின் மனைவி. கூட வருகிறவர்கள் வரலாம், வராதவர்களுக்கு நன்றி என்று கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. அந்த நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் இரண்டு நாள் பேசினார்கள். அவள் போவது, வெள்ளிக்கிழமைதோறும் வருவது, ஜோசியரும் மகளும் இங்கேயே இருப்பது, வீடு விலைபோனதும் மேற்கொண்டு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. வீடு விலைபோகவில்லை. மூவாயிரம் பேர் போன ஊரில் அவர்கள் தெருவில் மட்டும் ஏழு வாசலில் விற்பனைப் பலகை தொங்கியது. அங்கே போய் ஜோசியர் என்ன வேலை பார்ப்பது? நான்கு இடத்துக்கு விண்ணப்பித்தார். ஐம்பத்தொரு வயசுக்காரருக்கு ஒருவரும் பதில்கூடப் போடவில்லை.

ஆக, அந்தக் குடும்பம் ஒரு விமானத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. வெள்ளி மாலை ஆறு நாற்பதுக்கு அது தரையிறங்கும். ஜோசியர் மாடியிலிருந்து இறங்கி, பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வரும் பதினாலு வயசு மகளோடு, வருகைக் கூடத்தின் மூன்றாவது தூண் பக்கத்தில் நிற்பார். முழங்கால் வலிக்காரியான அவர் மனைவி எப்போதும் நடைவழி ஓரத்து இருக்கையில்தான் வருவாள், பதினாலு சி. அதனால் ஐம்பது பேருக்குப் பின்னால் நீலப் பையை உருட்டிக்கொண்டு லேசாகச் சாய்ந்து நடந்து வருவாள். திங்கள் காலை ஆறு மணி விமானத்தில் ஏறினால் ஒன்பதரைக்கு அங்கே அலுவலகத்தில் இருக்கலாம். நேர் விமானம் இல்லையென்றால் இடையில் ஓர் ஊரில் மாற வேண்டும், காத்திருக்க வேண்டும். சனி மதியம் வந்து ஞாயிறு மதியம் கிளம்ப வேண்டியிருக்கும். முழங்கால் அதற்குத் தாங்காது. வாரம் என்பது மாதமாகும், மாதம் என்பது லீவு கிடைக்கும்போது என்றாகும். ஜோசியருக்கு இந்தக் கணக்கைப் போட பேப்பர் தேவைப்படவில்லை.

அந்த நேர் விமானத்தைத்தான் நிறுத்தப் போவதாக விமான கம்பெனி கடிதம் போட்டது. அடுத்த அட்டவணையிலிருந்து கிடையாது. வேண்டுமென்றால் மூன்று வாரத்தில் உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்.

ஜோசியர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். ஊரின் ஆஸ்பத்திரிகள், பல்கலைக்கழகம், மிச்சமிருந்த நான்கு தலைமை அலுவலகங்கள், கண்ணாடித் தொழிற்சாலை என்று ஒன்று விடாமல் எல்லா இடத்திலிருந்தும் எண்களைத் திரட்டினார். இரண்டாவது வாரம் புதையல் கிடைத்தது. கடைசி ஆறு மாதத்தில், பயணத்துக்கு முந்தின வாரம் முழு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட்டுகள் நூற்றுக்கு முப்பத்தொன்று கூடியிருந்தன. கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்கிறவன் வேலையாகப் போகிறவன். வேலையாகப் போகிறவன் கூடினால் ஊர் நிமிர்கிறது என்று அர்த்தம். பதினெட்டு வருஷப் பாடம் அதுதான். அவர் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டார்.

மேலாளர் அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஜோசியரே, இது ஒண்ணு போதும். அவங்க வாயைத் திறக்க முடியாது."

அன்று சாயங்காலம் ஜோசியர் மகளிடமும் சொல்லிவிட்டார். "ஃப்ளைட் எங்கயும் போகாது. அப்பா பாத்துக்கறேன்."

"நிஜமாவா? அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு."

சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் நடந்தது. விமான கம்பெனியிலிருந்து வந்தவருக்கு முப்பது வயசுதான் இருக்கும். கர்வம் பிடித்தவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் பணிவானவராக இருந்து தொலைத்தார். அறிக்கையை முழுக்கப் படித்தார், நல்ல வேலை என்று பாராட்டினார், பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்.

"சார், இந்த முப்பத்தொரு பர்சென்ட். இதுல பயணம் எந்த ஊர்ல தொடங்குதுன்னு பாத்தீங்களா?"

ஜோசியர் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாதவரில்லை. இங்கே தொடங்கி இங்கேயே திரும்பினால் இந்த ஊர்ப் பயணி, அங்கே தொடங்கி அங்கே திரும்பினால் வந்து போகும் பயணி. இதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எண் கூடியிருந்த சந்தோஷத்தில், யார் கூடினார்கள் என்று கேட்க மறந்துவிட்டார். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், மறக்கவில்லை, கேட்கப் பயந்தார்.

இளைஞர் தன் மடிக்கணினியைத் திருப்பினார். "இங்க தொடங்கற பயணம் பாதியாயிடுச்சு. கூடினதெல்லாம் அங்கேருந்து வர்றவங்க. இவங்க உங்க ஊருக்குத் தொழில் பண்ண வரல சார். காலி பண்ண வர்றாங்க. ஆடிட்டர், வக்கீல், மெஷினைக் கழட்டி ஏத்தறவங்க. கண்ணாடி ஃபேக்டரி இன்னும் வெளிய சொல்லல, ஆனா அடுத்த வருஷம் இருக்காது. இந்தப் பக்கம் பாருங்க, இது ஒருவழி டிக்கெட். போனவங்க, திரும்பாதவங்க."

மேலாளர் அம்மாள் ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை வந்து திங்கக்கிழமை போறவங்க அறுபத்துச் சொச்சம் பேர் இருக்காங்களே. வாராவாரம் வர்றாங்க. குடும்பம் இங்க இருக்கு. அவங்க எங்க ஊர்க்காரங்கதானே?"

"இப்போதைக்கு இருக்கு சார். எந்த ஊர்னாலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. எங்க அனுபவத்துல ஒண்ணரை வருஷம், மிஞ்சினா ரெண்டு. அப்புறம் குடும்பமும் அங்க போயிடும். இல்லன்னா இவங்க வர்றது குறைஞ்சிடும். அவங்களை நம்பி நாங்க விமானம் விட முடியாது."

அவர் நகர்த்திக் காட்டிய பட்டியலில் பெயர் இல்லை, இருக்கை எண்ணும் தேதியும் தொடங்கும் ஊரும் மட்டும். ஜோசியரின் கண் தானாகவே பதினாலு சி-யைத் தேடிப் பிடித்தது. பிப்ரவரி வரை திங்கள் போய் வெள்ளி திரும்பும் டிக்கெட், தொடங்கும் ஊர் இது. மார்ச்சிலிருந்து வெள்ளி வந்து திங்கள் போகும் டிக்கெட், தொடங்கும் ஊர் அது. ஏழு மாதமாக அவர் மனைவி இந்த ஊருக்கு வந்து போகும் பயணி.

ஜோசியரின் பேச்சைத்தான் அந்த இளைஞர் அவருக்கே திருப்பிச் சொல்லியிருந்தார். கூட்டம் முடிந்து கைகொடுத்தபோது, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார் இளைஞர். அதுவும் மனசாரத்தான் சொன்னார்.

அன்று மாலை ஆறு நாற்பது விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, மகள் உள்ளறைக்குப் போனதும், ஜோசியர் கேட்டார்.

"மார்ச்லேருந்து டிக்கெட்டை மாத்திப் போடறியா?"

அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "ஆபீஸ்ல அட்ரஸை மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். அப்புறம் டிக்கெட்டெல்லாம் அங்கேருந்து தொடங்கறாப்பலதான் போடறேன். சொல்லணும்னு நெனச்சேன். சொன்னா நீங்க அதை ஒரு கணக்கா எடுத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"ஃப்ளைட் போயிடுச்சு."

"தெரியும். உங்க முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது." தைலப் புட்டியை மூடினாள். "என்னங்க, அங்க ஒரு ஸ்கூல் பாத்து வெச்சிருக்கேன். நடுவுல சேத்துக்கறாங்களாம். இவகிட்ட போன வாரம் பேசினேன். உங்ககிட்ட யாரு சொல்றதுன்னு ரெண்டு பேருக்கும் பயம்."

உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. மகள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஃப்ளைட்டை நிறுத்த விடமாட்டேன்னு சொன்னப்போ, சரி, போக வேண்டாம்னு நெனச்சேன்ப்பா. இப்ப அம்மா மாசத்துக்கு ஒருநாள்தானே வருவா. எனக்கு அது போதாது. நீயும் வந்துடேன்."

"வரேன். வீடு போகட்டும்."

அந்த வீடு போகாது என்று ஊரிலேயே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். மகள் தலையாட்டினாள்.

மகளுக்கு டிக்கெட் எடுக்கும் வேலை ஜோசியருக்கு வந்தது. "அவளுக்கு ஒருவழி போதும்" என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் அலுவலகக் கணினியில் பக்கத்தைத் திறந்தார். ஒருவழி, போக வர என்று இரண்டு பெட்டிகள். போனவங்க, திரும்பாதவங்க என்று அந்த இளைஞர் விரலை வைத்துக் காட்டிய இடம் நினைவுக்கு வந்தது. ஏ.சி. வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஜோசியர் 'போக வர' என்பதை அழுத்தினார். போவது திங்கள் காலை, திரும்புவது அதே வாரம் வெள்ளி மாலை. அதற்குப் பிறகு நேர் விமானமே கிடையாது, அதுதான் கடைசி. இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவருக்குத் தெரியாதா? நிறுத்துவதென்று முடிவாகிவிட்ட விமானத்தை ஒரு டிக்கெட் காப்பாற்றிவிடுமா? இருந்தாலும் யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஊரில் எண்ணும்போது, அவள் இந்த ஊர்ப் பெண்ணாக எண்ணப்படட்டும் என்று பட்டது. வீட்டில் சொல்லவில்லை.

திங்கள் காலை பாதுகாப்புச் சோதனை வாசலில் மகள் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர், "சரி, சரி, லேட்டாகுது" என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அழத் தோன்றியது, அழத்தான் வரவில்லை. நீலப் பையும் அதன் பின்னால் ஒரு புதுச் சிவப்புப் பையும் உருண்டு போயின. சிவப்புப் பை ரொம்பப் பெரிசு, நான்கு நாளுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற பை அல்ல.

வெள்ளிக்கிழமை மதியமே மகள் போன் செய்தாள். ஸ்கூலில் பக்கத்து பெஞ்சுக்காரி நல்லவளாம், அம்மா வீட்டு பால்கனியிலிருந்து ரயில் தெரியுமாம். "வீட்டைப் பாக்க யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள். "பேசிட்டிருக்காங்க" என்றார்.

மாலை ஆறு மணிக்கு மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பக்கத்து மேஜைக்காரர் பையை மாட்டிக்கொண்டவர், வழக்கமாக நீட்டும் கையை நீட்டவில்லை. "ஜோசியரே, வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் சேந்து போலாம்."

"நீங்க போங்க. இன்னைக்குக் கடைசி ஃப்ளைட்டு, எண்ணிக்கை வாங்கணும்."

கடைசி விமானத்தின் எண்ணிக்கையை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கீழே இறங்கி மூன்றாவது தூண் பக்கத்தில் நின்றார். ஆறு நாற்பதுக்கு விமானம் இறங்கியது. கதவு திறந்தது. கோட்டுப் போட்டவர்கள், கருவிப் பெட்டியோடு நான்கு மெக்கானிக்குகள், தூங்கும் குழந்தையோடு ஒரு தம்பதி. ஐம்பது பேர் போனார்கள், ஐம்பத்தொன்றாவது ஆளும் போனார். முழங்கால் வலிக்காரி இந்த வாரம் வரவில்லை. மகளைப் புது ஊரில் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவாள்? கூடம் காலியாகி, துடைப்பவர் ஈரத் துணியோடு வந்த பிறகும் ஜோசியர் நின்றார். விமான கம்பெனியின் தரைப் பணிப்பெண் கையில் தாளோடு வந்தவள், அவரைப் பார்த்துப் பழக்கத்தில் நின்றாள்.

"சார், உங்களுக்கு எண்ணிக்கை வேணுமா? நூத்துப் பதினெட்டு டிக்கெட். நூத்துப் பதினேழு பேர் வந்தாச்சு. ஒரு ஆள் வரல. பதினாலு டி." தாளைப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து போன பேசஞ்சர்தான் சார். ரிட்டர்ன் இருந்தும் ஏறல" என்றாள்.

"சின்னப் பொண்ணு" என்றார் ஜோசியர்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இந்த ஊருதான்" என்று சொல்லி, தாளை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்.