வலி என்று தட்டினேன்

எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. தெருப்பக்கம் ஒரு ஷட்டர், இரண்டு மெஷின், துணி வெட்டும் மேசை. முழங்கால் தேய்ந்துபோன அம்மாவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான் ஒத்துவந்தது. அந்த அறையை அண்ணன் கேட்டான்.

“ஜிம் வைக்கப்போறேன்மா. ஓடுற மெஷின், பாட்டு எல்லாம் கிடையாது. வெறும் இரும்பு. பளு தூக்கிப் பலம் ஏத்துற ஜிம்.”

“இந்தத் தெருவுல எவன்டா பளு தூக்கப்போறான்? கேஸ் சிலிண்டரையே காலால உருட்டிக்கிட்டுப் போறானுங்க.”

“ஆசை இருக்கறவன் உன் கதவைத் தட்டிச் சொல்லிட்டா போவான்? போன்லதான் தேடுவான். கணக்கெடுத்துக் காட்டறேன். ஆள் இருந்தா அறையைக் குடு. இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன்.”

அம்மா சரி என்றாள். போனைப் பற்றி அவளுக்கு மரியாதை உண்டு. தட்டத் தெரியாது, வாயருகே பிடித்து, எதிரே ஆள் நிற்பதுபோல், “ஊசி ஏன் நூலை அறுக்குது, சொல்லும்மா” என்று கேட்பாள். அது சொல்லும்.

கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடையில் பட்டன் தைப்பேன். வீட்டில் தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மாதத்தில் யார் யார் என்னென்ன தேடினார்கள் என்ற பட்டியலை அண்ணன் எங்கிருந்தோ வாங்கி வந்தான். ஆள் பெயர் இருக்காது. தேடிய சொல், பக்கத்தில் எத்தனை முறை என்ற எண். ஆயிரக்கணக்கான வரிகள்.

“ஜிம்முன்னு தேடறதெல்லாம் தொப்பை குறைக்கிற கூட்டம், அது வேணாம். வலிமைன்னு தேடறவன்தான் நம்ம ஆளு. அவனை மட்டும் பிரிச்சு எண்ணு, ஊமைக்கோட்டான்.”

வலிமை என்று போட்டுப் பார்த்தேன். சொற்பம்தான் வந்தது. முழுப் பட்டியலில் அங்கங்கே பார்த்தால் ஒருவர் ‘வலிம’ என்று நிறுத்தியிருந்தார், இன்னொருவர் ‘வலிவு’ என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழைக்காக ஒருவரை விட்டுவிடுவானேன் என்று, எல்லோரும் வந்துசேரட்டும் என்று, இரண்டே எழுத்தைத் தட்டினேன். வலி. அடியில் கூட்டுத்தொகை வந்தது. நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

அண்ணன் வரிகளைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தோம்.

அவன் கூட்டாளி தண்டால் அன்று மாலையே வந்தான். பேச்சுக்கு நடுவில் தரையில் விழுந்து தண்டால் எடுப்பதால் அந்தப் பெயர். “மச்சான், இத்தனை பேரா! இரும்பு நான் இறக்கறேன்டா” என்றான். அம்மா எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

“பாவம், இத்தனை பேரு கேட்க நாதியில்லாம இருந்திருக்காங்களே” என்றாள். மறுநாள் துணிக் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலை கேட்டுவிட்டு வந்தாள். பத்து மணி நேரம் நின்றபடி செய்கிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

சனிக்கிழமை காலை அண்ணன், “அவங்க என்ன வார்த்தையில தேடறாங்களோ அதையே போர்டுல போடலாம், எழுதிக் குடு” என்றான். அப்போதுதான் வரிகளைப் படித்தேன்.

முழங்கால் வலி. இடுப்பு வலி உட்கார முடியவில்லை. குதிகால் வலி காலையில் அதிகம். தோள்பட்டை வலி மூட்டை தூக்கினால். பக்கம் பக்கமாக அதுதான். வலிமை என்று தேடியவை பத்தொன்பது.

அண்ணனை ஓரமாக இழுத்துக் காட்டினேன். அவன் முகம் செத்துப்போனது.

“தண்டால் லாரியில இரும்பு ஏத்திட்டான். ஊர் பூரா சொல்லிட்டேன். நீ வாயைத் திறக்காத.”

பேசு, பேசு என்றுதான் எல்லோரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். பேசாதே என்று என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மெஷின்களை ஏற்றிப்போக வண்டி வந்தது. அம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் வைத்தாள்.

“எல்லாம் சரியாத்தானே எண்ணின?”

தலையை ஆட்டினேன். அதற்கு வாய் தேவைப்படவில்லை.

ஜிம்மைத் திறந்த வாரம் பதினோரு பேர் வந்தார்கள். இரண்டாவது மாதம் நான்கு பேர். எதிர்வீட்டு அக்கா ஷட்டருக்கு வெளியே நின்று, “தம்பி, இங்க முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவீங்களா?” என்றாள். தண்டால் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. பிறகு தண்டாலும் வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஆறு மாதம் கழித்து அண்ணன் புதுப் பட்டியல் வாங்கி வந்தான். “இந்தத் தடவை முழுசாத் தட்டு” என்றான்.

முழுசாகத் தட்டினேன். வலிமை, பதினேழு. அவனிடம் சொல்லுமுன் ‘மை’யை அழித்துப் பார்த்தேன். ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்த முறை ஒரு வரி விடாமல் கீழே இறங்கினேன். நடுவில் ஒன்று இருந்தது.

‘நாள் பூரா நின்னா கால் வலிக்குது என்ன பண்ண சொல்லும்மா.’ பக்கத்தில் முப்பத்தொன்று.

உள்ளறையில் அம்மா வேலை முடிந்து வந்து காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

“என்ன, ஏறியிருக்கா?” என்றான் அண்ணன், இரும்புகளுக்கு நடுவிலிருந்து.

“ஏறியிருக்கு” என்றேன்.