பத்தாயிரம் தேதிகள்

எண்பத்தேழில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் விசைத்தறிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சங்கரன்கோவிலில் அதை இயக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால், தறி மேஸ்திரி நல்லகண்ணுவின் மகள் செண்பகவல்லியை அண்ணாச்சியே மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். செலவு கம்பெனியுடையது. படித்து முடித்து அவள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், அவளுடைய சான்றிதழ்கள் அண்ணாச்சியின் பீரோவுக்குப் போயின.

மறுவருஷக் கடைசியில் சென்னையில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அசல் சான்றிதழ்களோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "தாரேன். அதுக்கு முன்ன ஒரு வேலைய முடிச்சுக் குடு. தறி ஓடுன நாளத்தான் ஒம் பொட்டி காட்டுது. ஓடாத நாளு எங்க போச்சு?"

நியாயமான கேள்விதான். நெய்தால் கணக்கில் ஒரு வரி ஏறும். நெய்யாத நாளுக்கு வரியே கிடையாது. இல்லாத வரியைக் கேட்டு எடுக்க முடியாது. எல்லாத் தேதிகளும் உள்ள தனி அட்டவணை ஒன்று இருந்தால், அதோடு நெசவுக் கணக்கைப் பொருத்தி வெற்று நாட்களைப் பிடித்துவிடலாம்.

ஒவ்வொரு தேதியாக அடிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்களை மட்டும் ஓர் அட்டவணையில் போட்டாள். அதையே ஒன்று, பத்து, நூறு என மூன்று இடங்களுக்கும் எடுத்து ஒன்றோடொன்று சேர்க்கும்படி கட்டளை எழுதினாள். ஆயிரம் எண்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் எண்பத்தெட்டு ஜனவரி முதல் தேதியோடு கூட்டச் சொன்னாள். திரையில் தேதிகள் மளமளவென்று இறங்கின. பிப்ரவரி இருபத்தொன்பது தானாகவே வந்து நின்றது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. அறையில் யாரும் இல்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "ஆயிரம் நாளுதானா?"

"இன்னொரு தடவ சேத்தா பத்தாயிரம் வரும் அண்ணாச்சி. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வரைக்கும் போவும்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

அவர் சிரித்தார். "இம்புட்டுத் தெரிஞ்சவள அனுப்பிட்டு நான் என்ன செய்ய? ஒங்கப்பன்ட்ட பேசுதேன். நீ வேலையப் பாரு."

சாயங்காலம் நல்லகண்ணு பூரிப்போடு வீட்டுக்கு வந்தார். "ஒனக்காவ அந்த ரூமுக்கு ஏசி போடுதாராம் மக்கா."

"சர்டிபிகேட் கேட்டியளாப்பா?"

"இவ்வளவு செய்யுத மனுசன்ட்ட அத எப்படிக் கேக்க?"

கையைக் கழுவிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் சோறு வைத்தாள்.

மறுநாள் காலை, அறையின் ஒரே ஜன்னலில் ஆசாரி ஏசிக்காகப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பலகைக்கும் தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெளிச்சமும் போனது. அவள் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கதவையும் சாத்திக்க தாயி," என்றார் ஆசாரி, வெளியிலிருந்து. "இனிமே தெறந்து வைக்கக் கூடாதாம்."

எழுந்துபோய்ச் சாத்தினாள்.